மனச்சோர்வு மாத்திரை ஒரு வேளை தவறிவிட்டால் உடம்பில் என்ன நடக்கிறது?

வேளச்சேரி பக்கம் ஒரு மருந்துக்கடையில் 14 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை பற்றியெல்லாம் நாலு பேர் நிற்கும்போதே சத்தமாகக் கேட்பவர்கள், மனச்சோர்வுக்கான மாத்திரையைப் பற்றி மட்டும் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, அப்புறம் கிட்டே வந்து மெதுவாகக் கேட்பார்கள். கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ரெண்டு நாளாப் போட மறந்துட்டேன் தம்பி, இன்னைக்கு மூணையும் சேத்துப் போட்டுக்கலாமா?"

கூடாது. ஏன் கூடாது என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்வியோடு சேர்ந்து வரும் பேச்சுகள்தான் என்னை எழுத வைத்தன. "ஒரு வேளை விட்டாலே மூளை கலங்கிவிடும்" என்று ஒருவர் பயப்படுகிறார். "ஒரு வாரம் போடவே இல்லை, நன்றாகத்தான் இருந்தேன், அப்படியானால் எனக்கு நோயே கிடையாது" என்று இன்னொருவர் முடிவு கட்டுகிறார். "விட்டால் தலை சுற்றுகிறது, அப்போ இது போதை மாத்திரைதானே" என்று மூன்றாமவர் சண்டைக்கு வருகிறார். மூன்று முடிவுகளும் தவறு. ஆனால் மூவரும் பொய் சொல்லவில்லை, அவரவர் உடம்பில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரே மாதிரி மாத்திரையை விட்டால் ஒருவருக்கு ஒன்றும் ஆகாமல் இன்னொருவருக்கு ஏன் தலை சுற்றுகிறது என்பது புரிந்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த மாத்திரை?

நம் வீடுகளில் இந்த மாத்திரைகளுக்கு உண்மையான பெயர் இருப்பதில்லை. "தூக்க மாத்திரை" என்பார்கள், "நரம்பு மாத்திரை" என்பார்கள், சில வீட்டில் "அந்த மாத்திரை". மனச்சோர்வு என்பது ஒரு நாள் இரண்டு நாள் வருத்தம் இல்லை. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கம், பசி, யோசனை எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு நோய். அதற்காகக் கொடுக்கப்படும் மருந்துகளில் இங்கே அதிகம் விற்பவை எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளுஆக்சடின், பராக்சடின், வென்லாஃபாக்சின், டுலாக்சடின், மிர்டாசபின், அமிட்ரிப்டிலின். அட்டையில் பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும், அதன் கீழே சின்ன எழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சின்ன எழுத்தை.

இதே மருந்துகள் பதற்ற நோய்க்கும், தேவையில்லாத எண்ணம் திரும்பத் திரும்ப வரும் நோய்க்கும், நரம்பு வலிக்கும் கொடுக்கப்படுகின்றன. ஒற்றைத் தலைவலிக்காக ராத்திரியில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் போடும் பலருக்குத் தாங்கள் போடுவதும் இந்தக் குடும்பத்து மாத்திரைதான் என்று தெரியாது.

இன்னொன்று. நம் நாட்டில் எஸ்சிடலோபிராமோடு குளோனசபாம் என்ற மருந்தும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்து வருவது ரொம்பச் சகஜம். குளோனசபாம் வேறு வகை, அது பதற்றத்தை உடனே அடக்கி மயக்கம் தரும் மருந்து. நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று விட்டால் கடும் பதற்றமும் தூக்கமின்மையும் வரலாம், சிலருக்கு வலிப்புகூட வரலாம். இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் மனச்சோர்வு மாத்திரைக்கானது. உங்கள் அட்டையில் குளோனசபாம் பெயரும் இருந்தால் அதன் கணக்கு தனி, அதை மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மாடித் தொட்டியும் மோட்டாரும்

மாத்திரை போட்டவுடன் வேலை செய்கிறது, அதன் நேரம் முடிந்ததும் போய்விடுகிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தலைவலி மாத்திரை அப்படித்தான் இருக்கும். மனச்சோர்வு மாத்திரை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. தினமும் காலையில் மோட்டார் போடுகிறீர்கள், தொட்டி ஏறுகிறது. நாள் முழுக்க வீட்டில் புழங்கப் புழங்கத் தண்ணீர் இறங்குகிறது. மறுநாள் மறுபடியும் மோட்டார். இப்படியே போனால் தொட்டி முழுசாகக் காலியாவதும் இல்லை, நிரம்பி வழிவதும் இல்லை. ஒரு மட்டத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

மாத்திரை என்பது மோட்டார். ரத்தத்தில் இருக்கும் மருந்து என்பது தொட்டித் தண்ணீர். கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றும் குழாய். முதல் மாத்திரையில் தொட்டி நிரம்பாது, செர்ட்ரலின் மாதிரி மருந்துக்கு மட்டம் நிலைக்கவே சுமார் ஒரு வாரம் ஆகும்.

இப்போது ஒரு நாள் மோட்டார் போட மறந்துவிட்டீர்கள். குழாய் வறண்டுவிடுமா? உங்கள் தொட்டி எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதைப் பொறுத்தது அது. இதற்கு மருத்துவத்தில் ஒரு சொல் இருக்கிறது: அரை ஆயுள். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்தான் அரை ஆயுள். தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் தண்ணீர் வேகமாக வரும், இறங்க இறங்க வேகம் குறையும் இல்லையா, அதே மாதிரி மருந்தும் முதல் அரை ஆயுளில் பாதியாகும், அடுத்ததில் மிஞ்சியதில் பாதி, அதாவது கால், அப்புறம் அரைக்கால். ஐந்து அரை ஆயுள் கழிந்தால் 100-இல் 3 பங்குதான் மிச்சம் இருக்கும், அதைக் கிட்டத்தட்ட காலி என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு தொட்டி

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் கடையில் கேட்கும் முக்கால்வாசிக் கேள்விக்கு விடை இதற்குள் இருக்கிறது.

செர்ட்ரலின் மருந்தின் அரை ஆயுள் சுமார் 26 மணி நேரம், எஸ்சிடலோபிராமுக்கு சுமார் 30 மணி நேரம். தினமும் காலையில் போடுபவர் ஒரு நாள் தவறவிட்டு, அடுத்த நாள் காலையில் நினைவு வந்து கையில் மாத்திரையை எடுக்கும்போது, வழக்கமாக அந்த நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் அளவில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கும். அதனால்தான் இந்த இரண்டு மருந்திலும் ஒரே ஒரு வேளை தவறினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

வென்லாஃபாக்சின் கதையே வேறு. அதன் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம். உடம்பு அதை மாற்றி உண்டாக்கும் பொருளும் அதே வேலையைச் செய்கிறது, அதற்கு சுமார் 11 மணி நேரம். சின்னத் தொட்டி, பெரிய குழாய். மெதுவாகக் கரையும் கேப்சூலாகத்தான் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், அது கொஞ்சம் தாங்கும், என்றாலும் ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் வழக்கமான அளவில் கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடலாம். காலையில் போட வேண்டியதைச் சாயங்காலம்வரை மறந்துவிட்டு "என்னமோ மாதிரி இருக்கு, தலையை ஆட்டினால் உள்ளே எதுவோ ஆடுது" என்று வருபவர்களில் வென்லாஃபாக்சின்காரர்கள் அதிகம். டுலாக்சடினும் சுமார் 12 மணி நேரம்தான், அதிலும் இது தெரியும்.

பராக்சடினில் ஒரு வினோதம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 21 மணி நேரம், கேட்க அவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் தன்னை வெளியேற்றும் கல்லீரல் வழியை அந்த மருந்தே பாதி அடைத்து வைத்திருக்கிறது. தினமும் போடும்வரை குழாய் பாதி மூடியே இருக்கும். மாத்திரை நின்று மட்டம் இறங்க ஆரம்பித்ததும் அடைப்பும் விலகுகிறது, குழாய் முழுசாகத் திறக்கிறது, மிச்சமும் விறுவிறுவென்று போய்விடுகிறது. அதனால் மணிக்கணக்கைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட வேகமாகக் காலியாகும்.

ஃப்ளுஆக்சடின் இதற்கு நேர் எதிர். தொடர்ந்து போடுபவருக்கு அதன் அரை ஆயுள் 4 முதல் 6 நாள், உடம்பு அதிலிருந்து உண்டாக்கும் பொருளுக்கு 4 முதல் 16 நாள்வரை. மாடித் தொட்டிக்குக் கீழே பெரிய சம்ப் ஒன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், ஏன், சில நாட்கள் மோட்டார் போடாவிட்டாலும் குழாயில் தண்ணீர் வரும். அமெரிக்காவில் வாரத்துக்கு ஒன்று மட்டும் போடும் ஃப்ளுஆக்சடின் கேப்சூலுக்கு 2001-இல் அனுமதியே கொடுத்தார்கள். "ஒரு வாரம் போடவில்லை, நன்றாகத்தான் இருந்தேன்" என்று சொன்னவர் போட்டது என்ன என்று நான் கேட்டுப் பார்த்தேன், ஃப்ளுஆக்சடின்தான். அவர் மருந்தில்லாமல் நன்றாக இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க மருந்து அவர் ரத்தத்தில் இருந்தது.

இந்த வித்தியாசத்தை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2000-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வில், ஃப்ளுஆக்சடின், செர்ட்ரலின், பராக்சடின் போட்டு வந்தவர்களுக்கு, எப்போது என்று சொல்லாமல் சில நாள் மட்டும் அதே தோற்றத்தில் மருந்தில்லாத மாத்திரையைக் கொடுத்தார்கள். பராக்சடின் போட்டவர்களுக்கு இரண்டாவது வேளை தவறியதுமே தொந்தரவுகள் கூடின. ஃப்ளுஆக்சடின்காரர்களிடம் அப்படி எதுவும் தென்படவில்லை, செர்ட்ரலின் நடுவில் நின்றது.

இதுவரை பார்த்தது: ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு எல்லா மாத்திரைக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. அரை ஆயுள் குறைவான மருந்து சீக்கிரம் இறங்கும், தவறினால் சீக்கிரம் தெரியும். அரை ஆயுள் நீண்ட மருந்து மெதுவாக இறங்கும், தெரியாமலே போகலாம்.

மருந்து குறைந்தால் ஏன் தலை சுற்ற வேண்டும்?

தண்ணீர் மட்டம் இறங்குவது புரிகிறது. ஆனால் மனதுக்குக் கொடுத்த மாத்திரை குறைந்தால் தலையும் வயிறும் ஏன் கெடுகின்றன?

ராத்திரி முழுக்க ரயிலில் வந்து வீட்டில் படுத்தால் கட்டில் ஆடுகிற மாதிரி இருக்குமே, அனுபவித்திருப்பீர்கள். கட்டில் ஆடவில்லை. பத்து மணி நேரம் ரயில் ஆடிய ஆட்டத்துக்கு உங்கள் மூளை தன்னைப் பழக்கி வைத்திருந்தது. ஆட்டம் நின்றதும், பழக்கிக்கொண்ட அந்த ஏற்பாடு உடனே கலையாமல் கொஞ்ச நேரம் தொடர்கிறது.

இதுவும் அப்படித்தான். மூளையின் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்ப ரசாயனங்களைப் பயன்படுத்துகின்றன, அதில் ஒன்று செரோட்டோனின். ஒரு செல் செரோட்டோனினை வெளியே விடும், பக்கத்துச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் இடம் இருக்கும், அந்த இடத்துக்கு ஏற்பி என்று பெயர். வேலை முடிந்ததும் விட்ட செல்லே மிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மேலே சொன்ன மருந்துகளில் பெரும்பாலானவை அந்த உறிஞ்சலைத் தடுக்கின்றன, அதனால் செல்களுக்கு நடுவே செரோட்டோனின் கூடுதல் நேரம் நிற்கிறது. வாரங்கள் போகப் போக மூளை இதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, சில ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூர்மையும் குறைகின்றன. மாத்திரை முதல் நாளே உறிஞ்சலைத் தடுக்க ஆரம்பித்தும் மனம் தேற 2 முதல் 6 வாரம் ஆவதற்கு இந்த மெதுவான சரிசெய்தலும் ஒரு காரணம் என்று கருதுகிறார்கள்.

இப்போது மருந்து திடீரென்று இறங்குகிறது. உறிஞ்சல் பழைய வேகத்துக்குத் திரும்பி, நடுவில் நின்ற செரோட்டோனின் குறைந்துவிடுகிறது. ஏற்பிகளோ நிறைய செரோட்டோனின் இருக்கும் என்ற ஏற்பாட்டிலேயே இன்னும் இருக்கின்றன. ரயில் நின்றுவிட்டது, மூளைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. செரோட்டோனின் மனதுக்கு மட்டுமான பொருளும் கிடையாது, உடம்பில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது. தூக்கம், உடல் சமநிலை, குமட்டல் எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. குறையும்போது தலைசுற்றலும் வாந்தி வருகிற உணர்வும் வருவதில் ஆச்சரியமில்லை.

அது எப்படி இருக்கும்?

மருந்து குறைவதால் வரும் இந்தத் தொந்தரவுகளுக்கு நிறுத்தல் அறிகுறிகள் என்று பெயர். ஒரு வேளை தவறியதிலேயே வருவது குறைவு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டால் வருவது அதிகம், பொதுவாக விட்ட 2 முதல் 4 நாளுக்குள் ஆரம்பிக்கும். சளிக்காய்ச்சல் வரப்போகிற மாதிரி உடம்பு வலி, வியர்வை, குமட்டல், தலை கிறுகிறுப்பு, தூக்கம் கெட்டு விசித்திரமான கனவுகள், சும்மா இருக்கும்போதே எரிச்சல், காரணமில்லாத அழுகை. மிர்டாசபின்காரர்களுக்குத் தூக்கம்தான் முதலில் போகும்.

இவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அனுபவிப்பவர்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். தலைக்குள் ஒரு நொடி ஷாக் அடித்த மாதிரி சுளீரென்று ஒன்று ஓடும், குறிப்பாகக் கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பும்போது. ஒரு அக்கா "தலைக்குள்ள டியூப்லைட் மினுங்குற மாதிரி இருக்கு, பக்கவாதம் வரப்போகுதா தம்பி?" என்று கண் கலங்கக் கேட்டார். அவருக்கு அதற்கு முன் நான்கு நாள் மாத்திரை தீர்ந்து போயிருந்தது. இது ஏன் வருகிறது என்பது முழுதாக விளங்கவில்லை, ஆனால் மனச்சோர்வு மாத்திரையை விட்டவர்களிடம் உலகம் முழுக்கப் பதிவான ஒன்று, அது மூளையைச் சேதப்படுத்துவதாக ஆதாரம் இல்லை, தானாக அடங்குவதுதான் வழக்கம். (முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, பேச்சுக் குழறுவது இவை இருந்தால் மாத்திரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.)

எல்லோருக்கும் வருமா? வராது. லான்செட் சைக்கியாட்ரி இதழில் 2024-இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, மாத்திரையை முழுசாக நிறுத்தியவர்களில் சுமார் 31 சதவீதம் பேர் ஏதோ ஒரு அறிகுறியைச் சொன்னார்கள். சுவாரசியம் என்னவென்றால், மருந்தில்லாத போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் சுமார் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். "விட்டால் ஏதாவது ஆகிவிடும்" என்ற எதிர்பார்ப்புக்கும் பங்கு இருக்கிறது. கடுமையான அறிகுறிகள் சுமார் 35 பேரில் ஒருவருக்கு வந்தன. இந்தக் கணக்கைக் காட்டி "உனக்கு வந்தது வெறும் மனப்பிரமை" என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நீண்ட காலம் போட்டவர், அதிக அளவு போட்டவர், அரை ஆயுள் குறைந்த மருந்து போட்டவர் இவர்களுக்கு வரும் வாய்ப்பு அதிகம், சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட நீடித்திருக்கிறது.

இரண்டு கடிகாரங்கள்

நான் பார்த்தவரை பெரிய ஆபத்து இந்தத் தலைசுற்றலில் இல்லை. "விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற நிம்மதியில்தான் இருக்கிறது.

மாத்திரையை விட்டதும் உடம்பில் இரண்டு கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஒன்று மருந்தின் கடிகாரம், அது மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் ஓடும், நிறுத்தல் அறிகுறிகள் அதன்படி வரும். இன்னொன்று நோயின் கடிகாரம், அது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஓடும். மனச்சோர்வு மறுபடியும் வருவதானால் இந்த இரண்டாவது கடிகாரத்தின்படிதான் பெரும்பாலும் வரும். முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது முதல் கடிகாரத்தைப் பற்றிய செய்தி மட்டுமே, இரண்டாவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஒரு ஆய்வு இருக்கிறது. நீண்ட காலம் மாத்திரை போட்டு, இப்போது நன்றாக இருக்கிறோம், நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்த 478 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரையைத் தொடர்ந்தார்கள், மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். ஒரு ஆண்டுக்குள் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. நிறுத்தினால் எல்லோருக்கும் திரும்பிவிடும் என்பதில்லை, தொடர்ந்தால் திரும்பவே திரும்பாது என்பதும் இல்லை. ஆனால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது, அதைக் காண ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, மாத்திரை தவறியபின் அழுகையும் எரிச்சலும் வந்தால் அது நிறுத்தல் அறிகுறியா, நோய் திரும்புகிறதா? விட்ட சில நாளுக்குள் வந்ததா, கூடவே தலைசுற்றல், ஷாக் மாதிரி உணர்வு என்று உங்கள் பழைய நோயில் இல்லாத புதுசு ஏதாவது இருக்கிறதா, மாத்திரையை மறுபடி ஆரம்பித்ததும் ஒன்றிரண்டு நாளில் அடங்கியதா: ஆம் என்றால் நிறுத்தல் அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாரங்கள் கழித்து, மெதுவாக, பழைய அதே வெறுமையும் விடியற்காலை விழிப்பும் எட்டிப் பார்த்தால் நோயாக இருக்கலாம். இரண்டும் கலந்தும் வரும். கடைசி முடிவு மருத்துவருடையது, ஆனால் தேதிகளை நீங்கள் குறித்து வைத்திருந்தால் அவருக்கு அது பெரிய உதவி.

சுருக்கமாக: உடனே வருவது பெரும்பாலும் மருந்து இறங்கியதால், தாமதமாக வருவது பெரும்பாலும் நோயால். உடனே எதுவும் வராததை "எனக்கு இனி மருந்து வேண்டாம்" என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்போ இது போதை மாத்திரையா?

இல்லை. போதைக்கு அடிமையானவருக்கு அந்தப் பொருளின் மேல் தீராத ஏக்கம் இருக்கும், அளவைக் கூட்டிக்கொண்டே போவார், வாழ்க்கையே அதைச் சுற்றி ஓடும். செர்ட்ரலினுக்காக யாரும் அப்படி ஏங்குவதை நான் பார்த்ததில்லை, போட மறந்துவிட்டேன் என்று சொல்லி வருபவர்களைத்தான் தினமும் பார்க்கிறேன். உடம்பு ஒரு மருந்துக்குப் பழகிவிடுவது வேறு விஷயம். நீண்ட நாள் ஸ்டீராய்டு போட்டவர் திடீரென்று நிறுத்தக் கூடாது, சில பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் பிரஷர் எகிறும், அவற்றை யாரும் போதை என்று சொல்வதில்லையே. இந்தச் சொல்லால் நடக்கும் கெடுதி சாதாரணமானது இல்லை. வீட்டில் ஒருவர் "அடிமையாகிட்டே" என்று சொன்ன அன்றைக்கே மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, தவறிவிட்டது. இப்போது?

அதே நாளில் நினைவு வந்தால் உடனே போடுங்கள், அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டது என்றால் தவறியதை விட்டுவிடுங்கள். காலை 8 மணிக்குப் போடுபவருக்கு மத்தியானம் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு நினைவு வந்தால் அந்த ஒன்றை மறந்துவிட்டு 8 மணி மாத்திரையைப் போட வேண்டியதுதான். காலை மாத்திரையை ராத்திரி படுக்கும் நேரத்தில் போட்டால் சிலருக்குத் தூக்கம் வராது, தூக்கம் தரும் ராத்திரி மாத்திரையைக் காலையில் போட்டுவிட்டு வண்டி ஓட்டுவது ஆபத்து. உங்கள் மருந்துக்கு எது சரி என்று அடுத்த முறை போகும்போது மருத்துவரிடமே கேட்டு வைத்துக்கொண்டால் நல்லது.

இரண்டு சேர்த்துப் போடக் கூடாது. தொட்டியை நினைத்துப் பாருங்கள், நேற்று மோட்டார் போடவில்லை என்றாலும் தொட்டியில் பாதித் தண்ணீர் இருக்கிறது. அதன்மேல் இரண்டு நாள் தண்ணீரை ஏற்றினால் வழியும். குமட்டல், கை நடுக்கம், படபடப்பு என்று வழியும். எஸ்சிடலோபிராமும் அமிட்ரிப்டிலினும் அளவு கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியவை, புப்ரோபியான் என்ற மருந்தில் அளவு கூடினால் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. தவறிய மாத்திரை கடன் பாக்கி மாதிரி திருப்பிக் கட்ட வேண்டியது கிடையாது. ஏற்கனவே சேர்த்துப் போட்டுவிட்டு, காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம், அடங்காத படபடப்பு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரண்டு மூன்று நாள் விட்டுப்போயிருந்தால் பெரும்பாலும் அதே அளவில் மறுபடி ஆரம்பிக்கலாம், ஆனாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போய், நீங்கள் போட்டது அதிக அளவு என்றால் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம், சில நேரம் குறைந்த அளவிலிருந்து ஏற்றச் சொல்வார்கள். விட்ட நாட்களில் வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மாத்திரைக் கணக்கெல்லாம் அப்புறம், பக்கத்தில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926.

தெரிந்தே விடும் நாட்கள்

மறதியால் தவறுவதைவிட வேண்டுமென்றே விடுவதுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றும். "இன்னைக்கு ஃப்ரெண்டு கல்யாணம், தண்ணி போடுவோம், அதனால மாத்திரை போடல" என்று ஒரு தம்பி பெருமையாகவே சொன்னார். அரை ஆயுள் தெரிந்தபின் இதில் உள்ள ஓட்டை உங்களுக்கே தெரியும்: காலை மாத்திரையை விட்டதால் ராத்திரிக்குள் மருந்து போய்விடாது. குடியும் மருந்தும் ரத்தத்தில் சேர்ந்தேதான் இருக்கும், மாத்திரை தவறியது தனி நஷ்டம். மனச்சோர்வு உள்ளவர் குடிக்காமல் இருப்பதே நல்லது, ஆனால் குடிப்பதற்காக மாத்திரையை விடுவதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

விரத நாட்களிலும் விடுகிறார்கள். செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுஆக்சடின் இவற்றைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம், வெறும் வயிறு சிலருக்குக் கொஞ்சம் குமட்டும், அவ்வளவுதான். ரமலான் நோன்பு வைப்பவர்கள் மருத்துவரிடம் சொன்னால் நேரத்தை இஃப்தாருக்கோ சஹருக்கோ மாற்றித் தருவார்.

இன்னொரு பழக்கம், "இப்ப பரவாயில்ல, அதனால ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுறேன்". கேட்க மெதுவாகக் குறைப்பது போல் இருக்கும். ஃப்ளுஆக்சடின் தவிர மற்றவற்றில் அது தினம் தினம் தொட்டியை இறக்கி ஏற்றுவது, மூளைக்கு ஒரு நாள் ரயில், ஒரு நாள் கட்டில். நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக மருத்துவரிடம் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அவர் தினமும் போடவைத்தே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். கடைசிச் சின்ன அளவிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் பலருக்குக் கஷ்டம் வருகிறது, ஏனென்றால் குறைந்த அளவு மருந்தே மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது, 2 மாத்திரையை 1 ஆக்குவதைவிட அரையை இல்லாமல் ஆக்குவது பெரிய இறக்கம். அதனால் முடிவில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

மழைக்கு முன்னால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பக்கமெல்லாம் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது, கடையைத் திறக்கவே முடியவில்லை. தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கியதும் முதலில் வந்தவர்களில் ஒருவர் வென்லாஃபாக்சின் போடும் அண்ணன். தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது, கவுண்டரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். சீட்டு நனைந்து கூழாகிவிட்டது. கையில் இருந்தது ஒரு அட்டையின் ஓரத் துண்டு, நாங்கள் அஞ்சு பத்து என்று வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பகுதி போய்விட்ட துண்டு. பெயரைக் கண்டுபிடிக்கப் பழைய பில்லைத் தேடவே அரை மணி நேரம் ஆனது.

அதிலிருந்து யார் இந்த மாத்திரைகளை வாங்கினாலும் இரண்டு விஷயம் சொல்கிறேன். அட்டையில் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். முழு அட்டையின் பின்பக்கத்தையும் மருத்துவர் எழுதிய சீட்டையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள், மருந்தின் பெயரும் எத்தனை மில்லிகிராம் என்பதும் அதில் தெளிவாகத் தெரிகிறதா என்று ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு.